வலை இழுக்கிற கைக்கு மனச்சோர்வு வராதா?

"கல்லு மாதிரி உடம்பு, அவனுக்கென்ன மனசு சரியில்ல?" பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் சர்வசாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. தசை வலு குறைந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகம் என்று ஆய்வுகள் சொல்லத் தொடங்கியதும், அதற்கு அறிவியல் சாயமும் ஏறிவிட்டது. முதல் தவறு இதுதான்.

அந்த ஆய்வுகளில் ஒரு கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கைப்பிடி வலுவைக் கிலோவில் அளக்கிறார்கள். ஆசியர்களுக்கென 2019-இல் வகுத்த அளவுப்படி ஆணுக்கு 28, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் பிடி தளர்ந்துவிட்டதாகப் பொருள். ஆனால் பிடி வலுவுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு, ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் போட்ட கணக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கு மனச்சோர்வு வருமா வராதா என்று சொல்ல இது உதவாது. எது முதலில் வந்தது என்பதும் லேசில் பிடிபடாது. மனம் சோர்ந்தவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, படுத்தே கிடக்கிறார், தசை கரைகிறது. ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் தெம்பைக் குறைக்கும், மனதையும் வாட்டும். "தெம்பே இல்ல" என்கிறவருக்கு டானிக் வாங்குவதற்கு முன்னால் ரத்தம் பரிசோதித்துப் பாருங்கள்.

அடுத்தது, வேலையையே உடற்பயிற்சிக் கணக்கில் எழுதுவது. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து பாசி பறிக்கிறார்கள். அவர்களிடம் போய் எடை தூக்கச் சொன்னால் சிரிப்பார்கள், நியாயம்தான். ஆனாலும் ஓய்வில் விரும்பிச் செய்யும் பயிற்சிக்கும் நல்ல மனநிலைக்கும் காணப்படும் தொடர்பு, பிழைப்புக்காகப் படும் பாட்டில் அப்படிக் காணப்படுவதில்லை. படகுக் கடன், டீசல் விலை, இலங்கைக் கடற்படை பிடித்துப் போகுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்ததுதானே அந்த உழைப்பு!

தூக்கும் எடை கூடினால்தான் பலன் என்று நினைப்பதும் தவறு. தசைப் பயிற்சி குறித்த 33 சோதனைகளை, 1877 பேரின் விவரங்களோடு, 2018-இல் தொகுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், வலு பெரிதாகக் கூடாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆக, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளில், படகு கரையில் நிற்கும் நேரத்தில், ஒரே மூச்சில் ஜிம்முக்குப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் போதும், உலக சுகாதார நிறுவனமும் தசைப் பயிற்சிக்குக் குறைந்தது அவ்வளவுதான் கேட்கிறது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள்; அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் வலுவைக் கவனிக்க வேண்டும். சுவரைக் கையால் தள்ளுவது, மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது எல்லாம் இதே வகைதான். இதய நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

வயதானவர்களை "நீங்க சும்மா உட்காருங்க" என்று முடக்கி வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது, "எந்திரிச்சு நடடா, எல்லாம் சரியாப் போகும்" என்று அதட்டுவது. எழ முடியாமல் போவதே அந்த நோயின் அறிகுறி. கூட ஒருவர் எழுந்து நடந்தால் அவரும் எழக்கூடும். பயிற்சி தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்துவதும் இதே ரகம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில், பிரார்த்தனையை நம்பிக் கொண்டுவரப்பட்டு, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட கடற்கரை இது. பயிற்சியோ பிரார்த்தனையோ சிகிச்சைக்கு மாற்றாகாது, அதோடு சேர்ந்து நடக்கலாம்.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாகும் எண்ணம் தலைகாட்டினாலோ, 14416-ஐ அழையுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் அது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். வீட்டைவிட்டு வெளியே வர முடியாத பெரியவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.