அடுப்படி டேப்லெட்டைத் தமிழில் பேச வைப்பது எப்படி? (ஊட்டி உயரத்துக்கும் சேர்த்து)

கையெல்லாம் மாவாக இருக்கும்போது "அடுத்து" என்று சொன்னால், சமையல் குறிப்பின் அடுத்த படி திரையில் வர வேண்டும், காதிலும் கேட்க வேண்டும். நாம் செய்யப்போவது இவ்வளவுதான். ஹெச்டிஎம்எல்லும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கருவி

இதற்காக ஸ்மார்ட் டிஸ்ப்ளே வாங்க வேண்டாம். கூகுளின் நெஸ்ட் ஹப் டிஸ்ப்ளேயில் நாமே எழுதிய உரையாடலை ஓட்டும் வசதியை அந்த நிறுவனம் 2023 ஜூனில் மூடிவிட்டது. அமேசானின் எக்கோ ஷோவுக்கு ஸ்கில் (அதில் ஓடும் குரல் செயலி) எழுதலாம், ஆனால் அதற்கான மொழிப் பட்டியலில் இந்தி உண்டு, தமிழ் இல்லை. பீரோவில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட், அதில் குரோம், ஒரு ஸ்டாண்டு போதும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியிலும் செய்யலாம்தான். தனி மைக், தனி ஸ்பீக்கர் என்று ஒயர் தொங்கும். அடுப்புப் பக்கம் எனக்கு அது ஆகாது.

முதலில் குறிப்பை உடையுங்கள்

பலரும் மைக்கில் ஆரம்பிக்கிறார்கள். மைக் கடைசி வேலை. "வெங்காயம், தக்காளி வதக்கி, மசாலா சேர்த்து, கொதித்ததும் பருப்பைக் கொட்டி இறக்கவும்" என்பது கண்ணுக்குச் சரி, காதில் கேட்டால் பாதிதான் நிற்கும். படிக்கு ஒரு வேலை, அளவும் அந்தப் படியிலேயே.

ஒவ்வொரு படிக்கும் ஜேசான் கோப்பில் நான்கு விஷயம் வையுங்கள்: காட்டும் வாக்கியம், பேசும் வாக்கியம், நிமிடம், வேகும் முறை. காட்டுவதில் 1½ கப் என்று இருக்கலாம். பேசுவதில் "ஒன்றரை கப்" என்று எழுத்தாகவே கொடுங்கள்; ½ என்ற குறியை வாசிக்கும் விதம் டேப்லெட்டுக்கு டேப்லெட் மாறும்.

வேகும் முறை எதற்கு என்றால், நாம் இருக்கும் உயரத்துக்கு. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரி, குன்னூரில் 94, சுமார் 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 92, 93. சமவெளிக்காரர் எழுதிய "உருளைக்கிழங்கு 15 நிமிடம்" இங்கே பலிக்காது, நடுவில் நறுக்கென்று நிற்கும். குக்கரும் தப்பவில்லை. வெயிட் தாங்குவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தைத்தான். வெளியே குறைந்தால் உள்ளேயும் மொத்தத்தில் குறையும்.

குக்கருக்கு வழக்கமான கணக்கு ஒன்று உண்டு: 2000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1000 அடிக்கும் நேரத்தில் 5 சதவீதம் கூட்டு. ஊட்டிக்கு அது கால் பங்குக்குச் சற்று மேல் வரும், 20 நிமிடப் பருப்பு 25 ஆகும். திறந்த பாத்திரத்துக்கு நான் ஒன்றரை மடங்கு வைத்து, முடிவில் "வெந்துவிட்டதா?" என்று கேட்க வைத்திருக்கிறேன். எண்ணெய் வேலைகளின் நேரத்தை மட்டும் தொடாதீர்கள். எண்ணெயின் சூட்டுக்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கினால் கடுகு கருகும்.

காது

பேச்சை எழுத்தாக்கும் பிரவுசர் வசதியான ஸ்பீச் ரெகக்னிஷனில் மொழியைத் தமிழ்–இந்தியா என்று வையுங்கள். பக்கம் ஹெச்டிடிபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். இடைக்கால முடிவுகளை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரே "அடுத்து" இரண்டு படி தாண்டும். சற்று நேரம் யாரும் பேசாவிட்டால் கேட்பது தானாக நின்றுவிடும் என்பதால், ஆன்எண்ட் (onend) நிகழ்வில் மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். "அடுத்து கடுகு தாளியுங்கள்" என்று டேப்லெட் சொல்லும். அந்த "அடுத்து"வை அதன் மைக்கே கேட்டு அடுத்த படிக்குப் போகும். அந்தப் படியிலும் ஒரு "அடுத்து". யாரும் வாய் திறக்காமலே ரசம் கொத்தமல்லி தூவும் கட்டத்துக்கு வந்துவிடும்.

பேசும் முன் கேட்பதை நிறுத்தினால் போதும் என்று தோன்றும், போதாது. நிறுத்தியதும் ஆன்எண்ட் வரும், அது நாம் எழுதியபடியே மைக்கைத் திறந்துவிடும். அதனால் "பேசுகிறது" என்று ஒரு கொடி வைத்து, அது உயர்ந்திருக்கும்வரை ஆன்எண்ட் எதுவும் செய்யக்கூடாது. பேச்சு முடிந்த நிகழ்வில் அரை நொடி விட்டுக் கொடியை இறக்கி, அப்புறம் மைக். நிறுத்துவதற்கு ஸ்டாப் (stop) வேண்டாம், அபார்ட் (abort) போடுங்கள். ஸ்டாப் அதுவரை கேட்டதை முடிவாகத் தந்துவிடும். கையோடு, பேசும் வாக்கியங்களிலிருந்து கட்டளைச் சொற்களையும் நீக்கிவிடுங்கள்.

கட்டளைக்கு ஒரே சொல் போதாது. "அடுத்து", "அடுத்தது", "அப்புறம் என்ன" எல்லாம் ஒன்று. "திரும்பச் சொல்லு", "மறுபடி" ஒன்று. "சரி"யைச் சேர்க்காதீர்கள், பக்கத்தில் யாராவது போன் பேசினால் போச்சு.

டைமரில் நிமிடம், நிமிஷம் இரண்டையும் ஏற்க வேண்டும். எண் சில நேரம் 10 என்று வரும், சில நேரம் "பத்து" என்று வரும். "முக்கால் மணி"யை முதலில் தேடுங்கள், பிறகுதான் "கால் மணி". முக்காலுக்குள் கால் இருப்பதால், வரிசை மாறினால் 45 நிமிடம் 15 ஆகிவிடும். "ஒன்றரை"யில் நேர்மாறாக "அரை" சிக்காது, தனியாகச் சேர்க்க வேண்டும்.

திரை அணையாமல் இருக்க, பிரவுசரில் உள்ள ஸ்கிரீன் வேக் லாக் வசதியைப் பயன்படுத்துங்கள். வேறு டேபுக்குப் போய் வந்தால் அது போய்விடும், திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை

இதைச் செய்து பார்த்த கோத்தகிரிக்காரர் ஒருவர் சொல்வது: தகரக் கூரையில் மழை அடித்தால் எதுவும் கேட்பதில்லை, இணையமும் போய்விடுகிறது. குரோம் பொதுவாக ஒலியைச் சர்வருக்கு அனுப்பித்தான் புரிந்துகொள்கிறது. திரையின் கீழே "அடுத்து", "முந்தையது" என்று இரண்டு பெரிய பட்டன் வையுங்கள், முழங்கையால் தட்டும் அளவுக்கு.

விசிலை எண்ண வைக்கலாமா என்று இன்னொருவர். வேண்டாம். விசில் எண்ணிக்கை தீயைப் பொறுத்து மாறும். முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள்.

உயரத்தை டேப்லெட்டே கண்டுபிடிக்காதா என்பது கொடைக்கானல் கேள்வி. ஜிபிஎஸ் இல்லாத வைஃபை டேப்லெட்டில் உயரம் பெரும்பாலும் காலியாகத்தான் வரும். அமைப்புகளில் ஒரு பெட்டி வைத்து 2100 என்று எழுதிவிடுங்கள். டேப்லெட்டைப் பழனிக்குக் கொண்டுபோனால் மாற்றினால் போதும்.