டூல்ஃபோர்ஜில் கேட்பாரற்றுக் கிடக்கும் கருவிகளை மூடுவது எப்படி

விக்கிப்பீடியா போன்ற தளங்களுக்கு உதவும் சிறு நிரல்களை, அதாவது கருவிகளை, தன்னார்வலர்கள் ஓட்டும் இடம் விக்கிமீடியாவின் டூல்ஃபோர்ஜ். அங்கே உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா? இப்போதே கருவிக் கணக்குகளை நிர்வகிக்கும் டூல்ஸ்அட்மின் பக்கத்தைத் திறந்து உங்கள் பெயரில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நான் போன மாதம் எண்ணியபோது ஆறு இருந்தன. அவற்றில் இரண்டைத்தான் உண்மையில் கவனித்துக்கொள்கிறேன். மீதி நான்கும் ஏதோ ஒரு விக்கிப் பயிலரங்கின் சூட்டில் எழுதி, நாலு பேருக்குக் காட்டி, அப்புறம் திரும்பிப் பார்க்காமல் விட்டவை. அவற்றை மூட மூன்று மாலை நேரங்கள் ஆயின. அந்த வேலையை எந்த வரிசையில் செய்தால் யாருக்கும் பாதிப்பு இல்லை என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் இதை ஏன் செய்ய வேண்டும் என்று பார்ப்போம். டூல்ஃபோர்ஜ் நாம் காசு கொடுத்து வாங்கிய இடமில்லை. எல்லாருடைய கருவிகளும் ஒரே பொது வட்டில் உட்கார்ந்திருக்கின்றன; என் கருவி தான் செய்வதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவுக்கோப்பில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்தால் பக்கத்துக் கருவிக்கும் வேகம் குறையும். முன்பு ஜெர்மனியின் விக்கிமீடியா அமைப்பு நடத்திய டூல்சர்வரில் பெரும்பாலான கருவிகள் தனிநபர் கணக்கில் இருந்தன, ஆள் போனால் கருவியும் போச்சு. 2014-இல் அதை மூடிவிட்டார்கள். அடுத்து வந்த ஏற்பாட்டில் கருவிக்கென்றே தனிக் கணக்கு, அதற்குப் பல பராமரிப்பாளர்கள் என்று வைத்தார்கள். அருமையான ஏற்பாடு, ஆனால் நம்மில் பலர் இரண்டாவது ஆளைச் சேர்ப்பதே இல்லை. கருவிகளை ஓட்டிய பழைய அமைப்பான கிரிட் எஞ்சினை 2024 மார்ச்சில் நிறுத்தியபோது, புதிய அமைப்பான குபர்னெட்டிஸுக்கு மாற்ற ஆளில்லாத கருவிகள் அப்படியே நின்றுபோயின. அவற்றில் சில உண்மையிலேயே தேவைப்பட்டவை.

அதனால் மூடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா? பதிவுக்கோப்பில் வருகை தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். தேடுபொறிகளுக்காகப் பக்கங்களைத் தானாகப் படித்துப் போகும் நிரல்களான ஊர்திகளும் இப்போது செயற்கை நுண்ணறிவுக்காகத் தரவு அள்ளுபவையும் இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும். தனியுரிமைக்காக டூல்ஃபோர்ஜ் பார்வையாளரின் ஐபி முகவரியை நமக்குக் காட்டாது, ஆகவே வந்தது யார் என்று முகவரியை வைத்துப் பிரிக்க முடியாது. நான் செய்தது, எந்தப் பக்கத்தைக் கேட்கிறார்கள் என்று பார்த்ததுதான். ஊர்தி என்றால் பொருளே இல்லாத தேடல் சேர்க்கைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்கும். மனிதர் என்றால் அதே இரண்டு மூன்று பக்கங்கள், அதுவும் மாலையில், ஒரு பகுப்பின் பெயரைத் தப்பாகத் தட்டிவிட்டு அடுத்த நொடியே திருத்திக் கேட்டிருப்பார். அப்படி ஒரு திருத்தம் கண்ணில் பட்டால் மூடும் கையை நிறுத்திவிடுங்கள், அங்கே ஒருவர் இருக்கிறார்.

அடுத்து, கருவியின் முகவரியை விக்கிகளில் தேடுங்கள். வெளியிணைப்புத் தேடலுக்கு ஒரு சிறப்புப் பக்கம் எல்லா விக்கியிலும் உண்டு; எல்லா விக்கிகளையும் ஒன்றாகத் துழாவ குளோபல் சர்ச் என்ற கருவி டூல்ஃபோர்ஜிலேயே இருக்கிறது. 2020-க்கு முந்தைய பழைய டபிள்யூஎம்ஃபிளாப்ஸ் (wmflabs.org) முகவரியையும் மறக்காமல் தேடுங்கள், நான் முதல் முறை அதை விட்டுவிட்டேன். தமிழ் விக்கிப்பீடியாவில், பல பக்கங்களில் இடப்படும் ஒரு வார்ப்புருவுக்குள் பழைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தது. கருவியை நிறுத்தியிருந்தால் அந்த வார்ப்புரு உள்ள பேச்சுப் பக்கங்களில் எல்லாம் செத்த இணைப்புதான் மிஞ்சியிருக்கும். ஆகவே வார்ப்புருவை முதலில் திருத்துங்கள், கருவியை அப்புறம் நிறுத்தலாம்.

தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் இரண்டு வரி எழுதிப் போட்டு இரண்டு வாரமாவது காத்திருங்கள். "இந்தக் கருவியை மூடப்போகிறேன், யாருக்காவது வேண்டுமா" என்றால் போதும். என் நான்கில் ஒன்றுக்கு இப்படித்தான் ஆள் கிடைத்தார். டூல்ஸ்அட்மினில் அவரைப் பராமரிப்பாளராகச் சேர்த்து, ஒரு மாலை உட்கார்ந்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தேன். அதோடு அந்தக் கருவிக்கான என் வேலை முடிந்தது.

சரி, யாரும் கேட்கவில்லை, இனி உள்ளே போகலாம். தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து பிகம் (become) கட்டளையால் கருவியின் கணக்குக்கு மாறியதும் எதையும் அழிக்காதீர்கள், முதலில் பாருங்கள். என்னென்ன வேலைகள் ஓடுகின்றன என்று டூல்ஃபோர்ஜ் ஜாப்ஸ் (toolforge jobs) கட்டளையால் பட்டியலைக் கேளுங்கள், அப்புறம் அடைவு அடைவாக எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். என் கருவியில் நிரல் மொத்தமே 40 கிலோபைட்டுக்குள், ஆனால் பிழைகளைப் பதியும் கோப்பு 6 ஜிபி. திறந்தால் ஒரே வரி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, வருடக்கணக்காக: ஒரு பக்கம் கிடைக்கவில்லையாம். அந்தப் பக்கத்தை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள், நான் எழுதிய நிரல் அன்றிலிருந்து இல்லாத பக்கத்தைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. வேலைகளின் வெளியீட்டுக் கோப்புகளும் பிழைக் கோப்புகளும் தானாகச் சுருங்காது, நாம் வெட்டினால்தான் உண்டு. கருவியைத் தொடர்ந்து நடத்துகிறவர்களும் இதை இன்றே போய்ப் பாருங்கள்.

நிறுத்தும்போது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள் முதலில், இணையச் சேவை கடைசியில். மாற்றிச் செய்தால் பக்கம் மூடியிருக்கும், பின்னால் தானாகத் தொகுக்கும் நிரலான தானியங்கி மட்டும் விக்கியில் தொகுத்துக்கொண்டிருக்கும். யாராவது தவறு கண்டு தேடி வந்தால் கேட்க ஆளிருக்காது. உங்கள் கருவி தானியங்கி என்றால் அந்தந்த விக்கியில் தானியங்கிக்குக் கொடுத்த சிறப்பு அனுமதியையும் நீக்கச் சொல்லி அதிகாரிகளிடம் கேளுங்கள்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் இடம், ரகசியங்கள். டூல்ஃபோர்ஜில் பெரும்பாலான கோப்புகளை, அனுமதியை நாமாக இறுக்காவிட்டால், மற்ற பயனர்களும் படிக்க முடியும். தரவுத்தளத்துக்கான கடவுச்சொல் உள்ள கோப்பு மட்டும் பூட்டியே வரும். நாம் எழுதிய அமைவுக்கோப்பில் தானியங்கியின் கடவுச்சொல், கடவுச்சொல் இல்லாமலே விக்கியில் நுழைய உதவும் ஓஆத் (OAuth) சாவி என்று என்ன வைத்தோமோ அதெல்லாம் திறந்து கிடக்கலாம். கோப்பை அழித்தால் மட்டும் போதாது, அந்தச் சாவியே செல்லாமல் போக வேண்டும். தானியங்கிக் கடவுச்சொல்லை அதற்கான சிறப்புப் பக்கத்தில் நீக்குங்கள், ஓஆத் சாவியை மெட்டா விக்கியில் செல்லாததாக்குங்கள். நிரலைப் பொதுவில் வைக்கும் தளங்களான கிட்லேபிலோ கிட்ஹப்பிலோ ஏற்றப்போகிறீர்கள் என்றால், அதன் பழைய மாற்றப் பதிவுகளான கமிட்டுகளுக்குள் சாவி இருக்கிறதா என்றும் ஒருமுறை துழாவுங்கள்.

நிரலை ஏற்றித்தான் ஆக வேண்டும் என்பது என் கட்சி. டூல்ஃபோர்ஜின் விதிப்படி அங்கே ஓடும் நிரல் எல்லாமே திறமூல உரிமத்தில் இருக்க வேண்டும். உரிமக் கோப்பு இல்லாவிட்டால் இப்போதாவது சேருங்கள். அது இல்லாத நிரலை நாளை ஒருவர் எடுத்து ஓட்ட நினைத்தாலும் தைரியமாகத் தொட முடியாது. டூல்ஃபோர்ஜின் பொதுத் தரவுத்தள வழங்கியான டூல்ஸ்டிபியில் உங்கள் தரவுத்தளம் இருந்தால், எஸ் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இரண்டு அடிக்கோடும் கொண்டு தொடங்கும் பெயர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் கோப்பாக இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். விக்கியிலிருந்து மறுபடி எடுக்கக்கூடிய தரவு என்றால் விட்டுவிடலாம். மனிதர்கள் கையால் சரிபார்த்த பட்டியல் என்றால் அதை இழக்கக் கூடாது, விக்கியிலேயே ஒரு பக்கமாகப் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் ஆனபின் டூல்ஸ்அட்மினில் கருவியை முடக்கும் பொத்தானை அழுத்தலாம். 40 நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் மனம் மாறினால் திரும்ப இயக்கலாம். அது கடந்தால் கணக்கே நீக்கப்பட்டுவிடும். விக்கிமீடியா கருவிகளின் பட்டியல் தளமான டூல்ஹப்பில் கருவி பற்றிய குறிப்பு இருந்தால் வழக்கொழிந்தது என்று குறித்து, மாற்று எது என்றும் எழுதிவிடுங்கள்.

மற்றவர் கைவிட்ட கருவி உங்களுக்கு வேண்டுமென்றால் வழி வேறு. நிரல் திறமூலம் என்பதால் நகலெடுத்துப் புதுப் பெயரில் நடத்த யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதே பெயரும் முகவரியும் வேண்டுமென்றால் தத்தெடுக்கும் நடைமுறை இருக்கிறது. பழைய பராமரிப்பாளருக்கு அவர் பேச்சுப் பக்கத்திலும் மின்னஞ்சலிலும் தகவல் சொல்லி, பதில் வரக் காத்திருந்து, விக்கிமீடியாவின் பணிக் கோரிக்கைத் தளமான ஃபேப்ரிகேட்டரில் கோரிக்கை வைக்க வேண்டும். டூல்ஃபோர்ஜ் தரநிலைக் குழு அதைப் பார்த்து, பழையவரின் ரகசியக் கோப்புகளை அகற்றிய பிறகே உங்களிடம் தரும். காத்திருப்பு நீளமாகத் தெரியும், ஆனால் உடம்பு சரியில்லாமலோ பரீட்சை என்றோ ஒதுங்கியிருப்பவரின் கருவியை யாரும் சட்டென்று எடுத்துவிடக் கூடாது அல்லவா. அவருக்கு எழுதும்போது இத்தனை நாளாக ஏன் பார்க்கவில்லை என்று ஆரம்பிக்காதீர்கள். "உங்கள் கருவியை நாங்கள் இன்னும் பயன்படுத்துகிறோம், இப்போது ஓடவில்லை, கவனித்துக்கொள்ள நான் தயார்" என்று எழுதுங்கள். நான் அப்படி எழுதிய ஒருவர் மறுநாளே பதில் போட்டு, என்னைப் பராமரிப்பாளராகச் சேர்த்துவிட்டு, எந்தக் கோப்பில் எந்த வரியில் கை வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டார்.