எஞ்சினையும் கிராண்ட்மாஸ்டரையும் ஒப்பிடுறப்ப நாம பண்ற தப்புங்க

செஸ் லைவ் பாக்குறப்ப ஓரத்துல கருப்பும் வெள்ளையுமா ஒரு பட்டை ஏறி இறங்கிட்டே இருக்கும்ல, இவால் பார், யார் கை ஓங்கியிருக்குன்னு எஞ்சின், அதாவது செஸ் ஆடுற கம்ப்யூட்டர் புரோகிராம், போடுற கணக்க காட்டுறது, அது வந்ததுல இருந்து 1400 ரேட்டிங் உள்ள சாதா ஆளுங்கல்லாம் கிராண்ட்மாஸ்டருக்கே கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிட்டோம். நானும் பண்ணிருக்கேன், பொய் சொல்லல.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப் 14-வது கேம். அப்ப சாம்பியனா இருந்த டிங் லிரென், குகேஷுக்கு எதிரா 55-வது மூவ்ல யானைய எஃப்2-க்கு கொண்டுவந்தாரு, பார் ஒரே அடியா குகேஷ் பக்கம் சாஞ்சிருச்சு, உடனே எல்லாரும் "இது கூடவா தெரியாது"ன்னு டிங்க போட்டு வறுத்தாங்க. ஆனா எதிர்ல உக்காந்திருந்த குகேஷுக்கே அது உடனே தெரியல, வேற மூவ் ஆடப் போயிட்டு அப்புறம்தான் கவனிச்சேன்னு அவரே சொன்னாரு. மேட்டர் என்னன்னா டிங்கோட பிஷப் ஏ8 மூலைல மாட்டிட்டு இருந்துச்சு, யானைக்கு யானை வெட்டிட்டு குகேஷ் தன்னோட பிஷப்ப டி5-ல கொண்டுவந்து வெச்சா அதையும் வெட்டுக்கு வெட்டு கொடுத்தே ஆகணும், அப்புறம் போர்டுல ராஜாவும் சிப்பாயும் மட்டும்தான், அதுல குகேஷ் கைல ஒரு சிப்பாய் எக்ஸ்ட்ரா. எஞ்சினுக்கு இது கண் இமைக்கிற நேரம், ரெண்டரை வாரமா மோதி களைச்சுப்போன மனுசனுக்கு அப்படி இல்ல. இன்னொன்னு, பார் 0.00 காட்டுனா பொசிஷன் ஈஸின்னு அர்த்தம் இல்ல, ரெண்டு பக்கமும் எஞ்சின் மாதிரி ஆடுனா டிரா, அவ்ளோதான். பிளஸ் 1-ன்னா ஒரு சிப்பாய் அதிகம்னு நெனைக்கிறதும் பழைய கணக்கு, ஸ்டாக்ஃபிஷ்ங்கிற எஞ்சினோட 15.1 வெர்ஷன்ல இருந்து அதுக்கு ஏறக்குறைய 50 சதவீதம் ஜெயிக்கிற வாய்ப்புன்னுதான் அர்த்தம்.

அடுத்த தப்பு, ரேட்டிங்க கழிச்சுப் பாக்குறது. கார்ல்சனோட உச்சம் 2014 மே மாசத்துல 2882, ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் லிஸ்ட்ல 3600-ஐ ஒட்டி, கழிச்சா 700 சொச்சம், ரேட்டிங் போடுற எலோ கணக்குப்படி கார்ல்சனுக்கு நூறு கேம்ல ரெண்டு பாயிண்ட் கிட்ட வரணும். ஆனா அந்த 3600 எஞ்சினுங்க தங்களுக்குள்ள மோதி எடுத்தது, 2882 மனுசங்களுக்குள்ள எடுத்தது. ரெண்டு தெரு டீம் தனித்தனியா ஆடுன பாயிண்ட் டேபிள ஒட்டி வெச்சுப் பாக்குற மாதிரிதான் இது. எஞ்சின் ரொம்ப மேல இருக்குங்கிறதுல சந்தேகமே இல்ல, எத்தன பாயிண்ட் மேலன்னு சொல்றதுலதான் சிக்கல்.

1997-ல உலக சாம்பியன் காஸ்பரோவ் ஐபிஎம்மோட டீப் ப்ளூ கம்ப்யூட்டர்கிட்ட 3.5-2.5 தோத்தாரு, அன்னையோட மனுசன் கத முடிஞ்சுதுன்னு சொல்றவங்க நெறைய. இல்லீங்க, 2002-ல கிராம்னிக் டீப் ஃப்ரிட்ஸ்ங்கிற எஞ்சினோட 4-4, 2003-ல காஸ்பரோவ் டீப் ஜூனியரோட 3-3. நெஜமா நிலைமை புரிஞ்சது 2005-ல ஹைட்ராங்கிற எஞ்சின், இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸ 5.5-0.5-ன்னு துவைச்சப்பதான். அடுத்த வருசமே பான் நகரத்துல கிராம்னிக் டீப் ஃப்ரிட்ஸ்கிட்ட 4-2 தோத்தாரு, அதுல ஒரு கேம்ல எஞ்சினோட குயின் ஒரே மூவ்ல மேட் பண்ணப் போறத கவனிக்காம விட்டாரு, இத்தனைக்கும் அப்ப அவர்தான் உலக சாம்பியன்.

சூப்பர் கம்ப்யூட்டர் இருந்தாதான் முடியும்னு நெனைக்கிறதும் தப்பு. டீப் ப்ளூ செகண்டுக்கு 20 கோடி பொசிஷன் பாத்துச்சு. 2009-ல பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4-ங்கிற எஞ்சின், ஒரு சாதா ஃபோன்ல, செகண்டுக்கு 20,000 கூட பாக்காம பியூனஸ் அயர்ஸ் டோர்னமெண்ட்ல 9.5/10 எடுத்துச்சு. வேகத்த விட எந்த மூவ பாக்காம விடலாம்னு தெரிஞ்சதுதான் காரணம்.

கடைசியா நம்ம வீட்டு தப்பு, கேம் முடிஞ்ச அடுத்த நொடியே எஞ்சின ஆன் பண்றது. குகேஷோட ஆரம்பகால கோச் விஷ்ணு பிரசன்னா, பையன் கிராண்ட்மாஸ்டர் லெவலுக்கு வர்ற வரைக்கும் எஞ்சின் பக்கமே விடல. நானும் இப்ப தோத்தா மொதல்ல எங்க கோட்ட விட்டேன்னு ஒரு நோட்ல எழுதிட்டு அப்புறம்தான் ஆன் பண்றேன், இதுவரைக்கும் எழுதுனதுல பாதிக்கு மேல நான் தப்புன்னு சொன்ன மூவ் நல்ல மூவாம், தப்பு அதுக்கு ஆறேழு மூவ் முன்னாடியே நடந்திருக்கு.