மீட்டர் ‘இரும்பு’ என்றாலும் தோண்டுங்கள்: தங்கக்கட்டி தேடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காடு அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு இருக்கிறது. அதன் ஒரு மூலையில் தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டுகளைப் புதைத்து வைத்திருக்கிறேன். சின்ன ஈயத்துண்டும் சின்னத் தங்கத்துண்டும் மெட்டல் டிடெக்டருக்கு (மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்துகிற மெஷின்) ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும் என்பதால்தான் ஈயம். நடுநடுவே துருப்பிடித்த ஆணிகளையும் போட்டிருக்கிறேன். ஆஸ்திரேலியா போய் அங்கே தங்கக்கட்டி தேட நினைக்கிற பிள்ளைகள் கிளம்பும் முன் இங்கே வந்து பழகிவிட்டுப் போவார்கள்.

போன மாதம் அக்கா மகன் பெர்த்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். புது டிடெக்டர், புது ஹெட்ஃபோன். காயிலை, அதாவது மெஷின் கோலின் அடியில் இருக்கிற வட்டத் தட்டை, வீசிக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் அரை நொடி தயங்கினான், பிறகு தாண்டிவிட்டான்.

“ஏன் கண்ணு தாண்டிட்டே? அங்க சத்தம் வந்துச்சில்ல?”

“அது இரும்பு மாமா. மீட்டர்லயே காட்டுது பாருங்க.”

அவன் தாண்டியது ஓர் ஆணிக்கு இரண்டு விரற்கடை தள்ளி நான் புதைத்திருந்த ஈயக்குண்டு. அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. விக்டோரியா மாநிலத்தின் பெண்டிகோவில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த ஒன்பது வருடத்தில், முதல் மூன்று வருடம் சனி ஞாயிறுகளில் நானும் இதையேதான் செய்தேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேட்டரி, தண்ணீர், தொப்பி, பாம்புக் கடிக்குத் தாங்குகிற பூட்ஸ் இதெல்லாம் சொல்லாமலே தெரியும், விட்டுவிடுகிறேன்.

சேலத்தில் தேடலாம் என்று கிளம்புவது

வேண்டாம். கஞ்சமலைக்கு ‘கஞ்சம் என்றால் பொன்’ என்று ஒரு பெயர்க்காரணம் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு டிடெக்டரோடு சித்தர் கோயில் பக்கம் போகலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கஞ்சமலையில் இருப்பது காந்த இரும்புத்தாது. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை, உச்சியில் பாக்சைட். இது தங்கக்கட்டி தேடிப் போகிற மண் இல்லை.

சட்டமும் இடம் கொடுக்காது. 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதே குற்றம், தோண்டுவது அப்புறம். காப்புக்காட்டுக்குள் போனால் வனச் சட்டம் தனி. பழைய காசோ நகையோ அகப்பட்டால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வந்து நிற்கும்: மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

விக்டோரியாவில் ‘மைனர்ஸ் ரைட்’ என்று ஓர் அனுமதிச் சீட்டு உண்டு. வாங்கினால் பத்து வருடம் செல்லும், கையால் தோண்டி எடுப்பது உங்களுக்கே. ஆனாலும் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் தேடக்கூடாது, தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதம் வேண்டும், பூர்வகுடி மக்களின் இடங்களைத் தொடவே கூடாது. ஒரு மாநிலத்துச் சீட்டு இன்னொரு மாநிலத்தில் செல்லாது. பெர்த்தில் இருக்கிறவன் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக வாங்க வேண்டும்.

மோதிரத்தை வைத்துச் சோதித்துப் பார்ப்பது

மெஷின் வந்த அன்றே வீட்டில் எல்லோரும் செய்வது இது. மோதிரத்தைக் காயிலுக்கு மேலே காட்டினால் நல்ல தூரத்திலேயே கத்தும். உடனே ‘அவ்வளவு ஆழத்துத் தங்கமும் தெரியும்’ என்று மனசு கணக்குப் போட்டுவிடும். மோதிரம் ஒரு முழு வளையம். மின்னோட்டம் அதில் தடையில்லாமல் சுற்றுவதால் சத்தம் பெரிதாக வருகிறது. மண்ணிலிருந்து வருகிற கட்டி கரடுமுரடாக, ஓட்டையும் கல்லும் கலந்து, உள்ளே வெள்ளியும் சேர்ந்து இருக்கும். அதே எடைக்கு அதன் சத்தம் எவ்வளவோ சின்னது.

இதற்கு நேர் எதிரான சோதனையையும் செய்து பாருங்கள். ஒரு சவரன் சங்கிலியை நீளமாகப் போட்டுக் காயிலைக் காட்டுங்கள். எட்டு கிராம் தங்கம் இருந்தும் மெஷின் முனகத்தான் செய்யும். ஒவ்வொரு கண்ணியும் அதற்குத் தனித்தனிப் பொடித்துண்டாகவே தெரிகிறது. எடையை விட உருவம் எவ்வளவு பேசுகிறது என்பது இதில் புரியும். பழகுவதற்கு ஈயக்குண்டே போதும்.

மீட்டர் இரும்பு என்றதும் தாண்டிப் போவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

மெஷின் எப்படி இரும்பைப் பிரித்துச் சொல்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். காயில் ஒரு மாறுகிற காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகத்தில் அது சின்ன மின்சுழல்களைக் கிளப்புகிறது, அவை திருப்பி ஒரு புலத்தை அனுப்புகின்றன. போனதற்கும் வந்ததற்கும் உள்ள கால இடைவெளியை வைத்து, மீட்டர் உள்ள சாதாரண மெஷின் ஓர் எண்ணைக் காட்டும். இரும்பு அந்த வரிசையில் கீழே. வெள்ளியும் செம்பும் மேலே. சின்னத் தங்கம் இருப்பது இரும்பை ஒட்டி, சிகரெட் அட்டைக்குள் வருகிற அலுமினியத் தாளுக்குப் பக்கத்து வீட்டில்.

சுத்தமான மண்ணிலேயே இப்படி. தங்கம் கிடைக்கிற மண் சுத்தமாக இருப்பதில்லை, இரும்புத்தாது நிறைந்த செம்மண்தான் பெரும்பாலும். மெஷின் தங்கத்தின் குரலைத் தனியாகக் கேட்பதில்லை. மண்ணின் இரைச்சலோடு சேர்த்துத்தான் கேட்கிறது. ஆழம் கூடக் கூடத் தங்கத்தின் குரல் தேய்கிறது, மண்ணின் குரல் அப்படியே இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் எண் இரும்புப் பக்கம் சரிந்துவிடும். பக்கத்தில் ஓர் ஆணி கிடந்தால் கேட்கவே வேண்டாம். மீட்டர் தப்புச் சொல்லவில்லை, தனக்குக் கேட்டதைச் சொல்கிறது. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு நடப்பது நாம் செய்கிற தப்பு.

விக்டோரியாவின் டனோலி ஊருக்குப் பக்கத்தில் காய்ந்த ஓடை ஒன்று. 1850களில் மண்ணைக் கிளறிப் போட்டவர்களின் மேடும் பள்ளமும் இன்னும் அப்படியே கிடக்கும். ஆணி என்றால் அப்படி ஓர் ஆணி. முதல் வாரமே சலித்துப்போய், இரும்பை ஒதுக்குகிற அமைப்பை முழுக்கப் போட்டுக்கொண்டேன். மெஷின் அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. மூன்று குளிர்காலம் அந்த ஓடையிலும் அதைச் சுற்றிய நாலு ஓடைகளிலும் அப்படியே நடந்தேன். கிடைத்தது இரண்டே இரண்டு பொடித்துண்டு.

நான்காம் வருடம் ஒரு சனிக்கிழமை மெஷின் தானாக அணைந்துபோனது. திரும்பப் போட்டபோது என் அமைப்பெல்லாம் போய், எல்லா உலோகத்துக்கும் கத்துகிற பழைய நிலைக்கு வந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. இருபதடி நடப்பதற்குள் அறுந்து அறுந்து, தொண்டை கட்டியவன் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். ஆணிதான் என்று நினைத்துக்கொண்டே கொத்தினேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். களிமண் ஒட்டிய துண்டு ஒன்று உள்ளங்கையில் விழுந்தபோது கனம் வேறாக இருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். மஞ்சள். ராத்திரி நிறுத்தபோது 2.1 கிராம்.

அடுத்து நான் செய்ததுதான் முக்கியம். அதே துண்டைக் காற்றில் காயிலுக்கு முன்னால் காட்டினேன், மீட்டர் ஒழுங்காகத் தங்கத்தின் எண்ணைக் காட்டியது. அதே குழியில் திரும்ப வைத்து, எடுத்த மண்ணையே போட்டு மிதித்து, இரும்பு ஒதுக்கலைப் போட்டுக்கொண்டு மேலே வீசினேன். சத்தமே இல்லை. ஒதுக்கலை எடுத்துவிட்டு வீசினேன், அறுந்த சத்தம் வந்தது, மீட்டர் ‘இரும்பு’ என்றது. அடியில் என் கையால் வைத்த தங்கம் இருக்கிறது, மெஷின் இரும்பு என்கிறது. எத்தனை தடவை வீசிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. அந்த ஓடைக்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாலு வாரம் அதே ஓடையை அங்குலம் அங்குலமாக மறுபடி நடந்தேன். ஆணி, தோட்டா மூடி, லாடத் துண்டு என்று ஒரு பெயிண்ட் டப்பா நிறைந்தது. கூடவே ஆறு தங்கத் துண்டு, மொத்தம் 5.6 கிராம். எல்லாம் என் பூட்ஸ் ஏற்கெனவே மிதித்துப் போன இடத்தில் கிடந்தவை. மற்ற நாலு ஓடைகளுக்கும் போனேன். அங்கே புதிதாக மூடிய குழிகள் வரிசையாக இருந்தன. யாரோ பொறுமைசாலி எனக்கு முன்னால் வந்து போயிருக்கிறார். அவர் என்ன எடுத்தார் என்று எனக்குத் தெரியப்போவதில்லை. ஒரு துண்டைத் தவறவிட்டேன் என்றால் மறந்துவிடலாம். எத்தனை தவறவிட்டேன் என்றே தெரியாததுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்படியானால் ஆணிக்காட்டில் என்ன செய்வது? சத்தம் வந்ததும் மீட்டரைப் பார்க்காதீர்கள். பூட்ஸால் இரண்டு விரற்கடை மேல்மண்ணை வழித்துத் தள்ளிவிட்டு மறுபடி வீசுங்கள். சத்தம் இடம் மாறினால் அது மேலே கிடந்த குப்பை. அதே இடத்தில் நின்று கொஞ்சம் தெளிவானால் கீழே ஏதோ இருக்கிறது, தோண்டுங்கள். கொத்தின் பிடியில் ஒரு வலுவான காந்தம் ஒட்டி வையுங்கள், குழிமண்ணில் அதைத் துழாவினால் ஆணி தானாக ஒட்டிக்கொண்டு வரும். ஓர் ஆணிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. முடிந்தால் சின்னக் காயில் மாட்டுங்கள், ஆணிக்கும் தங்கத்துக்கும் நடுவில் அது நுழைந்து கேட்கும். இரும்பு ஒதுக்கலுக்கு உரிய இடம் கடற்கரையில் காசு தேடுகிற வேலை. தங்க மண்ணில் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

ஒரு கிலோமீட்டர் தூரத்துத் தங்கத்தைக் காட்டும் கருவி

அப்படி ஒன்று கிடையாது. எத்தனை லட்சம் விலை சொன்னாலும் கிடையாது.

சென்சிடிவிட்டியை முழுக்க ஏற்றிவிடுவது

கஞ்சமலைப் பக்கம் அஸ்திவாரம் தோண்டிய ஓர் இடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த கறுப்புக் கல் ஒரு கூடை என் தோப்பில் இருக்கிறது. சென்சிடிவிட்டியை, அதாவது மெஷினின் உணர்திறனை, கடைசி வரை ஏற்றிக் காயிலை அதன் மேல் கொண்டுபோனால் மெஷின் அலறும். நுனியில் கயிறு கட்டித் தொங்கவிட்ட காந்தம் அந்தக் கல்லைக் கண்டால் சாய்ந்து போய் ஒட்டும், அவ்வளவு தாது. விக்டோரியாவில் இந்த மாதிரிக் கற்களுக்கு ‘ஹாட் ராக்’ என்று பெயர், வழியெல்லாம் கிடக்கும். அங்கே சென்சிடிவிட்டியை ஏற்றிக்கொண்டு நடந்தால், கண்ணை வெளிச்சத்தில் கூச வைத்துக்கொண்டு ஊசி தேடுகிற மாதிரி ஆகிவிடும். இரைச்சல் அடங்கும் வரை குறையுங்கள். பிறகு உலோகம் இல்லாத ஓரடி இடத்தில் காயிலை ஏற்றி இறக்கி கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் இரைச்சலை மெஷின் கழித்துவிடும்படி சரிசெய்வது) செய்யுங்கள், மண் நிறம் மாறும்போதெல்லாம் திரும்பச் செய்யுங்கள். மண்ணில் இரும்புத்தாது ரொம்ப அதிகமானால் சாதாரண மெஷினால் சமாளிக்க முடியாது, பல்ஸ் இண்டக்ஷன் (காந்தப்புலத்தை விட்டு விட்டு அனுப்புகிற) வகைதான் வேண்டும். விலை லட்சங்களில் வரும் என்பதால் முதலில் அங்கே வாடகைக்கு எடுத்துப் பழகுங்கள்.

ஹெட்ஃபோன் இல்லாமல் போவது

1980இல் விக்டோரியாவின் கிங்கோவர் அருகே ஒருவர் டிடெக்டர் வைத்து 27 கிலோ கட்டியை எடுத்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் காது பெரிய சத்தத்துக்கே காத்திருக்கிறது. எனக்குக் கிடைத்ததிலேயே பெரியது 11 கிராம். மற்றதெல்லாம் கொசு தூரத்தில் பறக்கிற சத்தம்தான். காதை மூடாமல் அது கேட்காது.

காயிலைத் தூக்கி வீசுவது

மண்ணை உரசட்டும். வீச்சின் இரண்டு முனையிலும் கை தானாக மேலே ஏறும். அங்கேதான் தவறவிடுகிறோம்.

துண்டைக் குழிமண்ணோடு தொலைப்பது

கால் கிராம் துண்டு செம்மண்ணில் கண்ணுக்குத் தெரியாது. குழியில் சத்தம் நின்றதும் எடுத்த மண்ணில்தான் அது இருக்கிறது. பிளாஸ்டிக் அள்ளியில் ஒரு கை மண் எடுத்துக் காயிலுக்கு மேல் அசையுங்கள். சத்தம் வந்தால் பாதியைக் கொட்டிவிட்டுத் திரும்ப அசையுங்கள். வராவிட்டால் கொட்டிய பாதியை எடுங்கள். பாதி, அதிலும் பாதி என்று கடைசியில் ஒரு சிட்டிகை மண் மிஞ்சும். அதைக் காயில் மேல் மெதுவாகத் தூவுங்கள். தூசு விழுவது கேட்காது. துண்டு விழுந்தால் ‘டக்’ என்று மெஷின் ஒரு தடவை துள்ளும். விரல் மோதிரத்தோடு இதைச் செய்யாதீர்கள். எடுத்த பிறகும் குழிக்குள் ஒரு வீச்சு, ஒன்று இருந்த இடத்தில் இரண்டாவது இருக்கும்.

குழியை மூடாமல் போவது

மூடுங்கள். ஆடுமாடு கால் உடையும்.

கல்லோடு வந்ததை உடைத்துப் பார்ப்பது

வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) தங்கம் ஒட்டி வந்தால் சுத்தியல் எடுக்காதீர்கள். கல்லோடு இருக்கிற அழகுக்கே சேகரிப்பவர்கள் தங்க விலைக்கு மேல் கொடுப்பார்கள். உள்ளே எவ்வளவு என்று தெரிய உடைக்கவும் வேண்டாம். தங்கத்தின் அடர்த்தி 19.3, வெங்கச்சங்கல்லுக்கு 2.65. துண்டை முதலில் அப்படியே நிறுங்கள், பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். காற்றில் 20 கிராம், தண்ணீரில் 14 கிராம் என்றால் துண்டின் கனஅளவு 6 கன சென்டிமீட்டர். அதற்குள் தங்கம் சுமார் 4.75 கிராம், மிச்சம் கல். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த சேலத்தில் மில்லிகிராம் வரை காட்டும் தராசுக்குப் பஞ்சமில்லை. அக்கா மகன் திரும்பிப் போகும்போது அப்படி ஒன்றைத்தான் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனான்.