மாமல்லபுரத்தில் ஒரு சீட்டு, இரண்டு இடங்கள்
மாமல்லபுரத்திற்கு ஒருநாள் பயணமாகச் செல்பவர்கள், ஐந்து ரதங்களில் வாங்கும் நுழைவுச்சீட்டைக் கசக்கி எறியாமல் சட்டைப்பையில் வைத்திருந்தால், அன்றே கடற்கரைக் கோயிலுக்குள்ளும் அதைக் காட்டியே செல்லலாம். இரண்டையும் பராமரிக்கும் இந்தியத் தொல்லியல் துறை அவற்றுக்குப் பொதுவான சீட்டையே வழங்குகிறது; 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதுவும் தேவையில்லை. கைப்பேசியில் முன்பதிவு செய்தால் கட்டணம் சற்றுக் குறைவு, வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சம். ரதங்களைச் சுற்றி நிழல் குறைவு, மணல் விரைவில் சுடும் என்பதால் அங்கே காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. கலங்கரை விளக்கம் வேறொரு துறையைச் சேர்ந்தது என்பதால் அங்கே இந்தச் சீட்டு செல்லாது; ரதங்களுக்கும் கோயிலுக்கும்கூட மறுநாள் இது செல்லாது. அர்ச்சுனன் தபசைச் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம்.