பூட்டிக் கிடக்கும் வீட்டில் கரையான்: எங்கே தேடுவது, எப்படி மருந்து வைப்பது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் படைப்புக்கும் (முன்னோருக்குப் படையல் வைப்பது) கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் நிறைய. எங்கள் அப்பத்தாவின் இசைகுடிமானம், அதாவது கல்யாணத்தை எழுதிப் பதிந்த ஆவணம், பெட்டகத்தோடு கரையானுக்குப் போனது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அதனால் கதவைத் திறந்ததும், ஒட்டடை அடிப்பதற்கு முன்னாலேயே டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள்.

பர்மாத் தேக்குதானே என்று விட்டுவிடாதீர்கள். வைரம் பாய்ந்த பகுதியைத்தான் லேசில் தொடாது. வெளிறு (வைரம் பாயாத வெளிப்பகுதி) உள்ள ஓரத்தையும், பின்னாளில் மாற்றிப்போட்ட மட்டமான பலகையையும் தின்றுவிடும்.

தேட வேண்டியது பென்சில் கனத்தில் சுவரேறும் மண் தடம். நிலைக்கால் ஊன்றிய இடம், பெட்டகத்தின் அடி, வளவில் (வீட்டு நடு முற்றம்) மழைத்தண்ணீர் தேங்கும் மூலை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மரத்தைத் தட்டுங்கள், பொத்தென்று கேட்டால் உள்ளே காலி. மாவு போல் தூள் கொட்டினால் அது பெரும்பாலும் வண்டு, அதற்கு வைத்தியம் வேறு. மழை விட்ட அந்தியில் வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் கிளம்பினால் கூடு ரொம்பப் பக்கத்தில்தான்.

தடத்தை முழுசாகப் பெருக்கித் தள்ளாதீர்கள், வரும் வழியே தெரியாமல் போகும். இரண்டு அங்குலம் மட்டும் உடைத்து மறுநாள் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றினால் கண்ணில் படுவது சாகும், ராணி மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவில் வழியை மறிப்பதுதான் வைத்தியம்.

இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி கலந்து, சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை மண் வரைக்கும் போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மெதுவாக இறக்க வேண்டும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் (கையால் செய்த வண்ண டைல்) மட்டும் டிரில்லை வைத்துவிடாதீர்கள், உடைந்தால் அதே நிறத்தில் பழைய கல் கிடைப்பது கஷ்டம். ஓர இணைப்பில் போடுங்கள், இல்லையென்றால் வெளிப்புறத்திலிருந்து இறக்குங்கள். அப்புறம் ஒயிட் சிமெண்டால் அடைத்துவிடுங்கள்.

அரித்த மரத்துக்கு 6 மில்லிமீட்டர் துளையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் போட்டு, எண்ணெயில் கரைத்து விற்கிற கரையான் மருந்தை ஊசியால் ஏற்றுங்கள்.

கையுறையும் மாஸ்க்கும் இல்லாமல் தொடவே வேண்டாம். கொல்லையில் கிணறு இருந்தால் அந்தப் பக்கம் மருந்து இறக்க வேண்டாம், தண்ணீரில் கலந்தால் மீட்க முடியாது. அங்கே அனுபவமுள்ள ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது, சாவி வைத்திருப்பவரிடம் உடைத்த தடங்களைக் காட்டி, ஒரு மாதம் கழித்துப் பார்த்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.