வீட்டு வரைபடத்தின் உரிமை யாருக்கு? கட்டத் தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

தெரிந்தவர் வீட்டு பிளானையோ இணையத்தில் பார்த்த வரைபடத்தையோ கொடுத்து, இதே மாதிரி கட்டிக் கொடுங்கள் என்று ஒப்பந்ததாரரிடம் கேட்பது பலருக்கும் இயல்பாகவே தோன்றுகிறது. ஆனால் அந்த வரைபடத்தின் மீது அதை வரைந்தவருக்குச் சட்டப்படியான பதிப்புரிமை இருக்கிறது. பதிப்புரிமைக்காக நாடுகள் தமக்குள் செய்துகொண்ட, 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கை கட்டடக்கலை வரைபடங்களை அப்போதே பாதுகாத்தது. 1908-இல் பெர்லினில் திருத்தப்பட்டபோது கட்டடக்கலைப் படைப்புகளும் அதில் சேர்ந்தன. இன்று பெரும்பாலான நாடுகள் ஏற்றுள்ள இந்த உடன்படிக்கையின்படி, எங்கும் பதிவு செய்யாமலேயே இந்த உரிமை கிடைத்துவிடுகிறது. வரைந்தவரின் ஆயுட்காலம் முழுவதும், அதன் பின் குறைந்தது 50 ஆண்டுகளும் அது நீடிக்கிறது.

எனவே, கையில் இருக்கும் பிளானை வரைந்தவர் யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். தாளின் ஓரத்திலுள்ள கட்டத்தில் பெரும்பாலும் அவர் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருக்கும். அவரிடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். எந்த மனையில், எத்தனை வீடுகள், மாற்றங்கள் செய்யலாமா, செய்தால் யார் செய்வது என்பவை அந்தக் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கும் ஆயத்த பிளான்களுக்கும் நிபந்தனைகள் உண்டு; ஒரே ஒரு வீடு கட்ட மட்டும் அனுமதிப்பவையே அதிகம்.

நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள் என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை. அதை நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணத்துக்கு ஒருவர் தந்த குறிப்பிட்ட வடிவமே பாதுகாக்கப்படுகிறது. பத்து சதவீதம் மாற்றிவிட்டால் சிக்கல் இல்லை என்று சொல்வார்கள். அப்படி ஒரு பொது விதி கிடையாது. முக்கியமான பகுதி நகலெடுக்கப்பட்டதா என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

நீங்களே பணம் கொடுத்து வரையச் சொன்ன பிளானிலும் இந்தக் கேள்வி எழும். கட்டணம் செலுத்திவிட்டதால் பதிப்புரிமையும் கைமாறிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், பல நாடுகளில் உங்களுக்குக் கிடைப்பது அந்த மனையில் அந்த வீட்டைக் கட்டும் அனுமதி மட்டுமே. ஆகவே பின்னாளில் மாடி எழுப்புவதற்கும், இடையில் ஆர்கிடெக்ட் விலகினால் வேறொருவர் அதே வரைபடத்தைக் கொண்டு பணியைத் தொடர்வதற்கும் தொடக்க ஒப்பந்தத்திலேயே இடம் செய்துகொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்தாலும், வேறொரு மனைக்கு வரைந்த பிளான் உங்கள் மனைக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. படிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் உயரமுள்ள வீட்டில், திருப்பமின்றி நேராக ஏறும் படிக்கட்டுக்கு 18 ஏற்றங்கள் (ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலான உயரங்கள்) வைத்தால் ஒவ்வொன்றும் 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். கடைசி ஏற்றம் மேல்தளத்திலேயே முடிவதால் கால் வைக்கும் மிதிபடிகள் ஒன்று குறையும்; 25 சென்டிமீட்டர் அகலத்தில் 17 மிதிபடிகள் 4.25 மீட்டர் நீளம் பிடிக்கும். கூரை இன்னும் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும் என்று அதை 3.3 மீட்டராக்கினால், ஏறுவதற்குச் சிரமமில்லாமல் இருக்க 20 ஏற்றங்களும் 19 மிதிபடிகளும் தேவை, நீளம் 4.75 மீட்டராகிறது. கூடுதலான அந்த அரை மீட்டர் நடைவழியையோ சமையலறைக் கதவையோ போய் முட்டும். தலைக்கு மேல் இருக்க வேண்டிய இடைவெளியையும் அப்போது மறுபடி சரிபார்க்க வேண்டும்.

வெயில், காற்று, சரிவு, மண், எல்லையில் விட வேண்டிய இடம் ஆகிய அனைத்தும் இப்படித்தான் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. பிளானை இடவலமாகத் திருப்பிப் போட்டால், காலை வெயிலுக்கென வைத்த சன்னல் மாலை வெயிலை வாங்கக்கூடும். ஆர்கிடெக்டுக்குக் கொடுக்கும் கட்டணத்தின் பெரும்பயன், இவற்றைச் சுவர் எழும்பும் முன்பே தாளில் தீர்த்துக்கொள்வதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். தாளில் ஒரு கோட்டை அழித்து வரைவதற்கு ஆகும் செலவையும், எழுப்பிய சுவரை இடித்துக் கட்டும் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆர்கிடெக்டைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் முடித்த வீடுகளில் ஒன்றையாவது நேரில் சென்று பாருங்கள். அங்கே குடியிருப்பவரிடம் பேசுங்கள். கட்டணத்துக்குள் எந்தெந்த வரைபடங்கள் அடங்கும், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், கட்டுமானத்தின்போது எந்தெந்தக் கட்டங்களில் நேரில் வந்து பார்ப்பார், வேலை முடிந்தபின் கட்டப்பட்டபடியே திருத்திய வரைபடத்தைத் தருவாரா என்பவற்றை எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.